இணைப்பு எந்த இடத்தில் அறுந்தது? வீட்டு இணையத்தின் அடிப்படைச் சொற்களுக்கு ஒரு வழிகாட்டி

"நெட் வரவில்லை" என்று வீட்டில் யாராவது சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் முற்றிலும் வெவ்வேறான ஆறு கோளாறுகளில் ஏதேனும் ஒன்று இருக்கக்கூடும். கைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வைஃபை அறுந்திருக்கலாம். வைஃபை சரியாக இருந்தும் ரவுட்டர் அந்தக் கைபேசிக்கு முகவரி கொடுக்காமல் இருக்கலாம். வீட்டுக்கு வரும் ஃபைபர் இழை எங்கோ முறிந்திருக்கலாம். இழை நன்றாக இருந்தும் இணைப்பு தரும் நிறுவனத்தின் பக்கம் பழுது ஏற்பட்டிருக்கலாம். எல்லாம் ஒழுங்காக இருந்தும் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவை மட்டும் பதில் சொல்லாமல் இருக்கலாம். அல்லது நாம் திறக்க முயன்ற அந்த ஒரு தளம் மட்டுமே முடங்கியிருக்கலாம். ஆறுக்கும் தீர்வு வேறு வேறு. எல்லாவற்றுக்கும் ரவுட்டரை அணைத்துப் போடுவதே மருந்து என்று பலர் நம்புகிறார்கள். சில நேரம் அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் எதனால் பலித்தது என்பது தெரியாததால், அடுத்த முறை பலிக்காதபோது என்ன செய்வதென்று புரியாமல் நிற்க வேண்டியதாகிறது.

வலையமைப்புச் சொற்களைத் தெரிந்துகொள்வதன் பயன் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் தரவு செல்லும் பாதையில் ஓர் இடத்தையோ, அந்த இடத்தில் நடக்கும் ஒரு வேலையையோ குறிக்கிறது. இடம் தெரிந்துவிட்டால் பழுதை எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அதனால் கீழே வரும் சொற்களைப் பாதையின் வரிசையிலேயே தந்திருக்கிறேன். ஒரு கைபேசியையோ மடிக்கணினியையோ கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் உங்கள் வீட்டுக் கருவிகளிலேயே பார்த்தபடி படித்தால் எளிதில் மனத்தில் பதியும்.

முதல் படி: சுவரிலிருந்து வரும் கம்பியைப் பின்தொடருங்கள்

வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் கம்பி எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இன்று பெரும்பாலான புதிய இணைப்புகள் ஃபைபர் வழியாக வருகின்றன. அது தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழை. அதனுள் மின்சாரம் ஓடுவதில்லை, ஒளி ஓடுகிறது. அந்த ஒளியைக் கணினிக்குப் புரியும் மின் சமிக்ஞையாக மாற்றும் பெட்டியை ஓ.என்.டி. என்றோ ஓ.என்.யூ. என்றோ அழைப்பார்கள். தொலைபேசிக் கம்பி வழியாகவோ கேபிள் டிவிக் கம்பி வழியாகவோ இணைப்பு வரும் வீடுகளில் இதே மாற்றும் வேலையைச் செய்யும் கருவிக்கு மோடம் என்று பெயர்.

அந்தப் பெட்டியின் முகப்பில் இருக்கும் சிறு விளக்குகளை ஒரு நாள், எல்லாம் நன்றாக இயங்கும்போதே, பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஃபைபர் பெட்டிகளில் பெரும்பாலும் 'பான்' என்று குறிக்கப்பட்ட விளக்கு பச்சையாக, சிமிட்டாமல் எரிய வேண்டும். 'லாஸ்' (LOS) என்ற மூன்றெழுத்துக் குறியுள்ள விளக்கு அணைந்திருக்க வேண்டும். அது சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ, வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அந்த நிலையில் வீட்டுக்குள் எந்த அமைப்பை மாற்றினாலும் பயனில்லை. இழை எங்கேனும் கூர்மையாக மடிந்திருக்கிறதா, பெட்டியில் செருகிய முனை தளர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு நிறுவனத்தை அழைத்துவிடலாம். செருகியைக் கழற்றி அதன் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். தெரியாது என்பதாலேயே ஆபத்து கூடுதல்.

அடுத்து வருவது ரவுட்டர். இணைப்பு தரும் நிறுவனம் வீட்டுக்கு ஒரே ஒரு இணைப்பைத்தான் தருகிறது. அதை வீட்டிலுள்ள கைபேசி, கணினி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் பகிர்ந்து கொடுத்து, எந்தத் தரவு எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது ரவுட்டரின் வேலை. இதன் பின்புறத்தில் தனித்த நிறத்திலோ தனியாக ஒதுங்கியோ இருக்கும் ஒரு துளைக்கு 'வேன்' என்று பெயர். வெளியுலகம் அதன் வழியே வருகிறது. வரிசையாக இருக்கும் மற்றவை 'லேன்' துளைகள். அவை வீட்டுக் கருவிகளுக்கானவை. புதிய ரவுட்டரை வாங்கி வந்து, வெளியிலிருந்து வரும் கம்பியை லேன் துளையில் செருகிவிட்டு இணையம் வரவில்லையே என்று திகைப்பது மிகச் சாதாரணமாக நடப்பது.

பல வீடுகளில் ஒரே பெட்டிதான் இருக்கும். அந்த ஒன்றே ஒளியை மாற்றும் ஓ.என்.டி.யாகவும், பாதை காட்டும் ரவுட்டராகவும், கம்பிகளை இணைக்கும் ஸ்விட்ச்சாகவும், வைஃபை பரப்பும் அக்சஸ் பாயின்டாகவும் வேலை செய்கிறது. பெட்டி ஒன்றானாலும் வேலைகள் நான்கு என்பதை நினைவில் வைத்தால், நான்கில் எது நின்றுபோனது என்று தனியே கேட்க முடியும்.

இரண்டாம் படி: வீட்டுக்குள் ஓடும் கம்பி

ரவுட்டரிலிருந்து கணினிக்கோ தொலைக்காட்சிக்கோ செல்லும் கம்பிக்கு ஈதர்நெட் கேபிள் அல்லது லேன் கேபிள் என்று பெயர். அதன் உறையில் 'கேட் 5இ', 'கேட் 6' என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டுமே 100 மீட்டர் தூரம் வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். எனவே சாதாரண வீட்டுக்குக் கேட் 5இ போதுமானது, புதிதாகச் சுவருக்குள் கம்பி பதிப்பதாக இருந்தால் மட்டும் கேட் 6 போடுவது நல்லது என்பது என் கருத்து.

இந்தக் கேபிளின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும் செருகிக்குள் எட்டு மெல்லிய செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு நிற இணைகளில், அடுத்தடுத்து நிற்பது தெரியும். 100 மெகாபிட் வேகத்துக்கு இவற்றில் இரண்டு இணைகள் போதும்; 1 கிகாபிட் வேகத்துக்கு நான்கு இணைகளும் வேண்டும். ஆகவே ஒரே ஒரு கம்பி உள்ளே அறுந்திருந்தாலும் இணைப்பு முழுதாகச் சாகாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கக்கூடும். 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டியும் கணினியில் எப்போது சோதித்தாலும் 90 சொச்சத்திலேயே நின்றால், நிறுவனத்தைக் குறை சொல்வதற்கு முன் அந்தக் கேபிளை மாற்றிப் பாருங்கள். ரவுட்டரின் துளையே 100 மெகாபிட் வகையைச் சேர்ந்ததாக இருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும்.

மூன்றாம் படி: வைஃபை வேறு, இணையம் வேறு

புதிதாகக் கற்பவர் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், இதை எடுத்துக்கொள்ள வேண்டும். வைஃபை என்பது உங்கள் கைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள சில மீட்டர் தூரக் கம்பியில்லாத் தொடர்பு, அவ்வளவே. இணையம் ரவுட்டருக்கு அப்பால் தொடங்குகிறது. கைபேசியின் மேல்மூலையில் வைஃபை குறி முழுமையாக இருந்தும் எதுவும் திறக்காமல் போவது முரண்பாடு அல்ல; முதல் சில மீட்டர் சரியாக இருக்கிறது, அதற்குப் பிந்தைய பாதையில் எங்கோ தடை என்பதையே அது காட்டுகிறது. பல கைபேசிகள் அப்போது அந்தக் குறியின் அருகில் ஒரு சிறு வியப்புக்குறியைக் காட்டும்.

வைஃபை வலையமைப்பின் பெயருக்கு எஸ்.எஸ்.ஐ.டி. என்று பெயர், கைபேசியில் பட்டியலாகத் தெரிபவை இவைதான். ஒரே ரவுட்டர் இரண்டு பெயர்களைப் பரப்புவதும் உண்டு: ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். இவை வானொலி அலைவரிசைகள். 2.4 அலை சுவர்களை ஓரளவு எளிதாகக் கடந்து தொலைவு வரை செல்லும். ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், புளூடூத் கருவிகள், மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய அனைத்தும் அதே அலைவரிசையையே பயன்படுத்துகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு கான்கிரீட் சுவர்களைத் தாண்டியதும் களைத்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5, தொலைவிலுள்ள அறையில் 2.4 என்று வைத்துக்கொள்வது பொதுவாகச் சரியாக வரும். புதிய கருவிகள் சிலவற்றில் 6 கிகாஹெர்ட்ஸும் உண்டு.

2.4 அலைவரிசைக்குள் சேனல் என்ற உட்பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. நெருக்கமான குடியிருப்பில் மாலை நேரத்தில் மட்டும் வைஃபை தடுமாறினால், ரவுட்டரின் அமைப்பில் இந்த மூன்றில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பார்ப்பது பயன் தரும்.

ரவுட்டரை எங்கே வைக்கிறோம் என்பது, எந்த ரவுட்டரை வாங்குகிறோம் என்பதைவிடப் பல வீடுகளில் முக்கியமானது. வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். இரும்பு அலமாரிக்குள்ளும், தொலைக்காட்சியின் முதுகுப்புறத்திலும், மீன்தொட்டிக்கு அருகிலும் வைக்காதீர்கள். உலோகமும் தண்ணீரும் அலையை நன்றாகத் தடுப்பவை. இடம் மாற்றியும் கடைசி அறைக்கு எட்டவில்லை என்றால் இரண்டு வழிகள் உள்ளன. ரிப்பீட்டர் என்பது அலையை வாங்கித் திரும்பப் பரப்பும் எளிய கருவி. வாங்குவதற்கும் பரப்புவதற்கும் ஒரே அலைவரிசையையே பயன்படுத்தும் வகையாக இருந்தால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மெஷ் என்பது ஒரே பெயரில் சேர்ந்து இயங்கும் பல பெட்டிகள். நடமாடும்போது கைபேசி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானாக மாறிக்கொள்ளும். இரண்டையும்விட நம்பகமான வழி, அந்த அறைக்கு ஒரு லேன் கேபிளை இழுத்து அங்கே ஓர் அக்சஸ் பாயின்டை வைப்பதுதான். கம்பி இழுக்கும் உழைப்பு ஒரு நாள். அதன் பலன் பல ஆண்டுகள்.

பெட்டிகளின் மேல் காணும் வைஃபை 4, வைஃபை 5, வைஃபை 6 என்பவை தலைமுறை எண்கள். இந்த எளிய எண்முறையை வைஃபை அலையன்ஸ் அமைப்பு 2018இல் அறிமுகப்படுத்தியது. ரவுட்டரும் கைபேசியும் வெவ்வேறு தலைமுறையைச் சேர்ந்தவையாக இருந்தாலும் பேசிக்கொள்ளும்; ஆனால் பழைய தலைமுறையின் வேகத்தில்தான் பேசும்.

நான்காம் படி: உங்கள் கருவியின் முகவரியைப் படியுங்கள்

கைபேசியின் அமைப்புகளில் வைஃபை பகுதிக்குச் சென்று, இப்போது இணைந்திருக்கும் பெயரைத் தொடுங்கள். விவரங்களின் நடுவே 192.168.1.23 என்பதைப் போன்ற, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்கள் தெரியும். இதுதான் ஐ.பி. முகவரி. வலையமைப்பில் தரவு சிறு சிறு துண்டுகளாகவே பயணிக்கிறது; ஒவ்வொரு துண்டுக்கும் பாக்கெட் என்று பெயர், ஈதர்நெட்டில் அதன் அளவு வழக்கமாக 1500 பைட்டுக்கு மிகாது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்பியவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் எழுதப்பட்டிருக்கும்.

192.168 என்று தொடங்கும் முகவரிகளும், 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவையும் தனியார் முகவரிகள். வீட்டுக்குள் மட்டுமே அவை செல்லும். உலகத்தின் எண்ணற்ற வீடுகளில் ஒரே நேரத்தில் 192.168.1.23 இருக்க முடியும். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. வெளியுலகம் காணும் முகவரி வேறு. அது பொது ஐ.பி. முகவரி, நிறுவனம் உங்கள் ரவுட்டருக்குக் கொடுப்பது. கைபேசியிலிருந்து ஒரு பாக்கெட் வெளியே போகும்போது ரவுட்டர் அதன் அனுப்புநர் முகவரியை அழித்துப் பொது முகவரியை எழுதுகிறது; எந்தக் கருவிக்காக மாற்றினோம் என்பதைத் தன்னிடமுள்ள அட்டவணையில் குறித்துக்கொண்டு, பதில் திரும்பி வரும்போது அந்தக் கருவியிடம் சேர்க்கிறது. இந்த மாற்று வேலைக்கு நாட் என்று பெயர்.

இப்படி ஒரு ஏற்பாடு தேவைப்பட்டதற்குக் காரணம் முகவரிப் பற்றாக்குறை. ஐ.பி. நான்காம் பதிப்பில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தாம் இருக்க முடியும். உலக அளவில் பகிர்ந்தளிக்க வைத்திருந்த கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதனால் சில நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் வைக்கின்றன. உங்கள் ரவுட்டரின் வேன் பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதேனும் ஒன்றில் தொடங்கினால் நீங்களும் அப்படி ஒரு கூட்டத்தில் இருக்கிறீர்கள். சாதாரணப் பயன்பாட்டுக்கு இதனால் குறையில்லை. வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகத் தொடர்புகொள்ள முயன்றால் மட்டும் இது குறுக்கே நிற்கும். பற்றாக்குறைக்கு நிரந்தரத் தீர்வாக வந்தது ஐ.பி. ஆறாம் பதிப்பு, எழுத்துகளும் எண்களும் கலந்து முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நீண்ட முகவரி தெரிந்தால் அது அதுதான்.

அதே திரையில் இன்னும் இரண்டு மூன்று சொற்கள் இருக்கும். கேட்வே என்பது வீட்டை விட்டு வெளியேறும் வாயிலின் முகவரி, அதாவது ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. டி.எச்.சி.பி. என்பது, புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்து, பின்னர் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு. வீடுகளில் இந்த வேலையையும் ரவுட்டரே செய்கிறது. மேக் முகவரி என்பது கருவியின் வலையமைப்புப் பகுதிக்கே உரிய 12 இலக்க அடையாளம். இன்றைய கைபேசிகள் தனியுரிமைக்காக ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தற்காலிக மேக் முகவரியைக் காட்டுகின்றன. ஆகவே ரவுட்டரின் பட்டியலில் அறிமுகமில்லாத ஒரு கருவியைப் பார்த்தவுடன் யாரோ நுழைந்துவிட்டதாக முடிவுகட்ட வேண்டாம்.

ஓர் எண்ணை மட்டும் தனியே நினைவில் வையுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால், கருவி முகவரி கேட்டுப் பதில் வராததால் தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அதாவது பழுது இணையத்தில் இல்லை; உங்கள் கருவிக்கும் ரவுட்டருக்கும் இடையில், அல்லது ரவுட்டரின் டி.எச்.சி.பி.யில். ஒரே ஒரு எண்ணைப் படித்தே பாதையின் பெரும்பகுதியைச் சந்தேகத்திலிருந்து விலக்கிவிட முடிகிறது.

ஐந்தாம் படி: ரவுட்டரின் உள்ளே ஒரு முறை சென்று வாருங்கள்

உலாவியின் முகவரிப் பட்டையில் கேட்வேயின் எண்ணைத் தட்டினால் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் திறக்கும். இங்கே கேட்கப்படும் கடவுச்சொல் வைஃபை கடவுச்சொல் அல்ல. இது நிர்வாகக் கடவுச்சொல். பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் அச்சிட்டிருக்கும். பழைய ரவுட்டர்கள் பலவற்றில் இது எல்லோரும் அறிந்த, ஊகிக்க எளிதான ஒரே சொல்லாக இருந்தது. அப்படி இருந்தால் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

பிறகு வைஃபை பாதுகாப்புப் பகுதியில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இவை காற்றில் செல்லும் தரவைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் முறைகள். டபிள்யூ.இ.பி. என்ற பழைய முறை எளிதில் உடைக்கப்படக்கூடியது. எக்காரணம் கொண்டும் அதில் விட்டுவைக்க வேண்டாம். கடவுச்சொல் சிக்கலாக இருப்பதைவிட நீளமாக இருப்பது முக்கியம். பொத்தானை அழுத்தி இணைக்க உதவும் டபிள்யூ.பி.எஸ். வசதியின் எண்முறையில் பெரிய ஓட்டை இருப்பது 2011இலேயே வெளிப்பட்டது. அதை அணைத்து வைப்பது நல்லது. விருந்தினருக்கென்று தனி வைஃபை பெயர் வைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இணையத்துடன் இணையும் மின்விளக்கு, கேமரா போன்றவற்றையும் அதில் சேர்த்துவிட்டால், அவற்றில் ஒன்று கெட்டாலும் உங்கள் கணினியை அது எட்ட முடியாது. ஃபர்ம்வேர் என்பது ரவுட்டருக்குள் இயங்கும் மென்பொருள். தானாகப் புதுப்பிக்கும் அமைப்பு இருந்தால் அதை இயக்கி வையுங்கள்.

ஃபயர்வால் என்ற பாதுகாப்பு வேலியும் இங்கேயே இருக்கும்: உள்ளிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் தொடர்புகளை அது மறுக்கிறது. அதில் வேண்டுமென்றே ஒரு வாயிலைத் திறந்து குறிப்பிட்ட கருவிக்கு அனுப்புவதற்கு போர்ட் ஃபார்வேர்டிங் என்று பெயர். எதற்காகத் திறக்கிறோம் என்பது உறுதியாகத் தெரியாதவரை அதைத் தொடாதிருப்பதே சரி.

ஆறாம் படி: பெயரிலிருந்து பக்கம் வரை

நாம் தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். பாக்கெட்டுகளுக்கோ எண் முகவரிதான் வேண்டும். இரண்டுக்கும் இடையில் நிற்பது டி.என்.எஸ். பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த இந்த அமைப்பு இன்றும் இணையத்தின் ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் வேலை செய்கிறது. உலாவி முதலில் தன் நினைவகத்தில் பார்க்கும். அங்கே இல்லையென்றால் டி.என்.எஸ். வழங்கியை, அதாவது கேட்பவருக்குப் பதில் தரும் சர்வர் கணினியை, கேட்கும், அந்த வழங்கிக்கும் தெரியாவிட்டால் அது படிநிலையாக மேலே கேட்டு, விடையைக் கொண்டுவந்து கொடுக்கும். வழக்கமாக இந்த வழங்கி நிறுவனத்துடையதாக இருக்கும். விரும்பினால் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்ற பொது வழங்கியை ரவுட்டரிலோ கருவியிலோ எழுதிக்கொள்ளலாம். டி.என்.எஸ். நின்றுபோனால் இணைப்பு உயிரோடு இருந்தும் எந்தத் தளமும் திறக்காது. உலாவி காட்டும் பிழைச் செய்தியில் டி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் இந்த இடத்தைத்தான் அது சுட்டுகிறது.

முகவரி கிடைத்ததும் உலாவி அந்த வழங்கியுடன் எச்.டி.டி.பி.எஸ். என்ற முறையில் பேசத் தொடங்குகிறது. இறுதியிலுள்ள எஸ். என்ற எழுத்து குறியாக்கத்தைக் குறிக்கிறது: நடுவழியில் இருப்பவர்கள் உள்ளடக்கத்தைப் படிக்கவோ மாற்றவோ முடியாது. ஆனால் மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதற்கு இது உத்தரவாதம் அன்று. மோசடித் தளங்களும் இன்று எச்.டி.டி.பி.எஸ். வைத்திருக்கின்றன. பூட்டுக் குறியைப் பலர் நம்பகத்தன்மையின் முத்திரையாகத் தவறாகக் கருதியதும் ஒரு காரணமாக, குரோம் உலாவி 2023இல் அந்தக் குறியையே எடுத்துவிட்டது. ஆகவே வங்கிப் பணிகளின்போது பார்க்க வேண்டியது தளத்தின் பெயர். பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகுங்கள்: தளப் பெயருக்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால், .com, .in போன்ற முடிவும் அதை ஒட்டி முன்னால் நிற்கும் சொல்லும் சேர்ந்த பகுதிதான் உண்மையான உரிமையாளரைக் காட்டும், அதற்கு இடப்பக்கம் வங்கியின் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

கேஷ் என்பது ஒருமுறை இறக்கிய படங்களையும் கோப்புகளையும் உலாவி சேமித்து வைக்கும் இடம். குக்கி என்பது நீங்கள் யார் என்று நினைவில் கொள்ளத் தளம் உங்கள் உலாவியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்பு. வி.பி.என். உங்கள் பாக்கெட்டுகளைக் குறியாக்கிய சுரங்கம் வழியே வேறொரு வழங்கிக்கு அனுப்பி அங்கிருந்து வெளியேற்றுகிறது. இதனால் உங்கள் இணைப்பு நிறுவனத்துக்கு நீங்கள் செல்லும் தளங்கள் தெரியாமல் போகும், ஆனால் வி.பி.என். நடத்துபவருக்குத் தெரியும்.

ஏழாம் படி: வேகம் என்ற ஒரே சொல்லில் இருக்கும் பல பொருள்கள்

விளம்பரத்தில் வரும் 100 எம்.பி.பி.எஸ். என்பது நொடிக்கு 100 மெகாபிட். கோப்புகளின் அளவோ மெகாபைட்டில் சொல்லப்படுகிறது. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். 4 கிகாபைட் கோப்புக்கு 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். இறக்கம் காட்டும் எண் 12 ஆக இருப்பதைப் பார்த்து ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம்.

தாமதம் வேறு அளவு. ஒரு பாக்கெட் போய்ப் பதில் திரும்ப ஆகும் நேரத்தை மில்லி நொடியில் சொல்வார்கள். அதற்குப் பிங் என்றும் பெயர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 5,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வழங்கிக்குப் போய் வர 50 மில்லி நொடி தேவைப்படும். எவ்வளவு பணம் கட்டினாலும் அது குறையாது. காணொளி பார்ப்பதற்குத் தாமதம் பெரிதல்ல. காணொளி அழைப்புக்கும் இணைய விளையாட்டுக்கும் அதுதான் உயிர். தாமதம் சீராக இல்லாமல் ஏறி இறங்குவதற்கு ஜிட்டர் என்று பெயர்; அழைப்பில் குரல் உடைந்து கேட்பதற்கு இதுவோ, பாக்கெட்டுகள் வழியில் தொலைந்துபோவதோ காரணமாக இருக்கும்.

அதிகம் பேசப்படாத ஒன்று ஏற்றும் வேகம். பல திட்டங்களில் இறக்கும் வேகத்தைவிட அது மிகக் குறைவு. ஒரு கைபேசி பின்னணியில் படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது மற்றவரின் காணொளி அழைப்பு திக்கித் திணறுவது இதனால்தான்: ஏற்றும் பாதையில் வரிசை நீண்டு, அழைப்பின் சிறு பாக்கெட்டுகளும் அதில் மாட்டிக்கொள்கின்றன. படங்களை ஏற்றும் வேலையை இரவுக்குத் தள்ளிவைப்பது எளிய தீர்வு, ரவுட்டரில் கியூ.ஓ.எஸ். என்ற அமைப்பு இருந்தால் அழைப்புகளுக்கு முன்னுரிமையும் கொடுக்கலாம்.

எட்டாம் படி: பழுது வரும்போது தேடும் முறை

அருகிலிருந்து தொலைவுக்குச் செல்லுங்கள். முதலில் வேறொரு கருவியில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பழுது முதல் கருவியில். எதிலும் வரவில்லை என்றால் கருவியின் ஐ.பி. முகவரியைப் படியுங்கள். 169.254 என்றிருந்தால் ரவுட்டர் பக்கம் திரும்புங்கள். முகவரி சரியாக இருந்தால் கணினியின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் பிங் (ping) என்று தட்டி, ஓர் இடம் விட்டுக் கேட்வேயின் எண்ணை எழுதுங்கள். பதில் வந்தால் ரவுட்டர் வரை பாதை நன்றாக இருக்கிறது. அடுத்து அதே கட்டளையில் 8.8.8.8 என்று எழுதுங்கள். பதில் வந்தும் தளங்கள் திறக்கவில்லையென்றால் முதலில் டி.என்.எஸ்.ஸைச் சந்தேகியுங்கள். பதில் வரவில்லை என்றால் பழுது ரவுட்டருக்கு அப்பால். பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையென்றால், கைபேசியில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அதைத் திறந்து பாருங்கள். அங்கும் திறக்கவில்லையென்றால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

வேகம் குறைவு என்ற புகாருக்கு வைஃபையில் எடுத்த அளவைச் சான்றாகக் கொள்ள முடியாது. லேன் கேபிளில் ஒரு கணினியை ரவுட்டருடன் நேரடியாக இணைத்து, மற்றக் கருவிகளை நிறுத்திவிட்டு, காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் சோதித்து, இறக்கும் வேகம், ஏற்றும் வேகம், தாமதம் மூன்றையும் நேரத்துடன் குறித்து வையுங்கள். நிறுவனத்தை அழைக்கும்போது "நெட் ஸ்லோவாக இருக்கிறது" என்பதற்குப் பதிலாக, "கேபிளில் சோதித்தேன், கேட்வேக்குப் பிங் சீராக இருக்கிறது, 8.8.8.8க்கு இரவு நேரத்தில் பாக்கெட்டுகள் தொலைகின்றன, லாஸ் விளக்கு எரியவில்லை" என்று சொன்னால், மறுமுனையில் இருப்பவர் வழக்கமான கேள்விகளைத் தாண்டி நேரே அடுத்த கட்டத்துக்குச் செல்ல முடியும்.

மீண்டும் இயக்கிப் பார்ப்பதாக இருந்தால் வரிசை முக்கியம்: முதலில் ஓ.என்.டி. அல்லது மோடத்தை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போட்டு, அதன் விளக்குகள் நிலைக்கும் வரை காத்திருந்து, பிறகு ரவுட்டரை, அதன்பின் கருவியை இயக்குங்கள். மின்சாரத்தை நிறுத்திப் போடுவதற்கும், பின்புறமுள்ள ஊசித்துளையில் குச்சியை விட்டு அழுத்துவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. அந்தத் துளை ரீசெட். அது வைஃபை பெயரை மட்டுமல்லாமல், பல இணைப்புகளில் நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழைய ரவுட்டர் பயன்படுத்தும் பி.பி.பி.ஓ.இ. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அழித்துவிடும், அவற்றைத் திரும்ப எழுதும் வரை இணையம் வராது. அந்த இரண்டையும் நிறுவனத்திடம் இன்றே கேட்டு வாங்கி, தாளில் எழுதிப் பெட்டியின் அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இணையம் நின்றுபோன பிறகு மின்னஞ்சலில் தேடி எடுக்க முடியாது.